மலிவு விலை ஸ்பிட்ஃபயர் கிட் ஒன்றைச் சோதித்துக் கட்டிய பதிவு

பிளாஸ்டிக் விமான மாடல் கட்டத் தொடங்கியிருக்கும் நண்பர்கள் ஒரு கிட்டின் (ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்கள் அடங்கிய பெட்டி) படத்தை அனுப்பி, "அண்ணா, விலை கம்மியா இருக்கு, வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். பெட்டிப் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. விலையை வைத்தும் சொல்ல முடியாது. ஆயிரம் ரூபாயை ஒட்டி விற்கும் கிட்டுகளில் அருமையானவை உண்டு, பாதியிலேயே கைவிட வைப்பவையும் உண்டு. அதனால் அப்படியொரு கிட்டை எடுத்துக்கொண்டு, பெட்டியைத் திறந்தது முதல் டிகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) ஒட்டியது வரை எதை எதைப் பார்த்தேன், பார்த்தது கட்டும்போது எப்படி முடிந்தது என்று எழுதி வைக்கிறேன்.

விலை குறைந்த கிட் எதை எடுத்தாலும் குறை இருக்கும். குறைகளை எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. கத்தி, உப்புத்தாள், புட்டி, கொஞ்சம் பொறுமை ஆகியவற்றுக்குக் கட்டுப்படும் குறை எது, கட்டுப்படாத குறை எது என்று பிரிக்கத் தெரிந்தால் போதும். மோசமாகத் தெரியும் பல குறைகள் ஒரு மாலை வேலையில் போய்விடும். பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படாத ஒன்றிரண்டு குறைகள்தான் கடைசிவரை மாடலில் நிற்கும்.

எடுத்துக்கொண்டது 1/72 அளவு (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் மார்க் 1, இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானத்தின் முதல் வகை. தயாரிப்பாளர் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே அச்சில் (பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் எஃகு அச்சு) அடித்த கிட் வெவ்வேறு பெயர்களில், வெவ்வேறு பெட்டிகளில் வந்துகொண்டிருக்கிறது. பெயரை வைத்துத் தேடுவது உதவாது. ஸ்பிட்ஃபயரை எடுத்ததற்குக் காரணம் உண்டு. 1936 மார்ச் 5 அன்று இங்கிலாந்தின் ஈஸ்ட்லீயில் முதன்முதலாகப் பறந்த அந்த விமானத்தின் அளவுகளும் வரைபடங்களும் படங்களும் வேண்டிய அளவுக்குக் கிடைக்கின்றன. அதன் நீள்வட்ட இறக்கையில் அச்சு வெட்டியவரின் கை கொஞ்சம் தவறினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் இதைத்தான் முதலில் வாங்குகிறார்கள் என்பது இன்னொரு காரணம். பிரிட்டனின் மாடல் கிட் நிறுவனமான ஏர்ஃபிக்ஸே தன் விமானக் கிட்டுகளை 1953-இல் ஒரு 1/72 ஸ்பிட்ஃபயரில்தான் தொடங்கியது.

அச்சின் வயது

பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஆண்டு, பெட்டி அச்சான ஆண்டு. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கின் அச்சு எப்போது வெட்டப்பட்டது என்பது வேறு விஷயம். எஃகில் அச்சு வெட்டுவதுதான் பெரிய செலவு. வெட்டிவிட்டால் பல பத்தாண்டுகளுக்கு அதிலிருந்து கிட் அடித்துக்கொண்டே இருக்கலாம். அதனால் நிறுவனம் மூடினாலும் அச்சு கைமாறிப் போய்க்கொண்டிருக்கும். பிரிட்டனின் ஃப்ராக் நிறுவனம் 1936-லேயே பெங்குவின் என்ற பெயரில் 1/72 பிளாஸ்டிக் விமானக் கிட்டுகளை விற்றது. 1970-களில் ஃப்ராக் கதை முடிந்தபோது அதன் அச்சுகளில் பெரும்பகுதி சோவியத் யூனியனுக்குப் போனது. அங்கிருந்து நோவோ என்ற பெயரில் கிட்டுகள் வெளிவந்தன. பிறகும் கிழக்கு ஐரோப்பியப் பெட்டிகளில் அவை தலைகாட்டிக்கொண்டே இருந்தன. இரண்டு மூன்று நிறப் பிளாஸ்டிக்கில் வந்த 1970-களின் மேட்ச்பாக்ஸ் கிட்டுகளின் அச்சுகள் பின்னாளில் ரெவெல் பெட்டிகளுக்குள் வந்தன. பெட்டியின் மேல் புதுப் படம், புது டிகால். உள்ளே இருப்பதோ உங்களைவிட மூத்ததாக இருக்கலாம்.

ஸ்கேல்மேட்ஸ் இணையதளத்தில் கிட்டின் எண்ணைப் போட்டால் அந்த அச்சு எந்த ஆண்டு வந்தது, எந்தெந்தப் பெட்டிகளில் சுற்றியது என்று ஒரு காலக்கோட்டில் காட்டிவிடும். வாங்கும் முன் நான் செய்யும் முதல் வேலை இதுதான். பழைய அச்சு என்றால் வாங்கக் கூடாது என்றில்லை. எதை எதிர்பார்ப்பது என்று முன்பே தெரிந்துவிடும், அவ்வளவுதான். ஏர்ஃபிக்ஸ் 2010 முதல் சிறிய 1/72 போர் விமானங்களுக்குப் புது அச்சுகள் கொண்டுவந்தது. அந்த ஆண்டுகளின் பெட்டிகள் பலவற்றில் இந்தியாவில் தயாரிக்கப்பட்டது என்றிருக்கும். ஒரே அலமாரியில், கிட்டத்தட்ட ஒரே விலையில், 1970-களின் அச்சும் 2010-க்குப் பிந்தைய அச்சும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். அச்சின் ஆண்டு தெரியாமல் எடுத்தால் எது கைக்கு வரும் என்பது அதிர்ஷ்டம்தான்.

நான் எடுத்தது பழைய அச்சு. வேண்டுமென்றேதான் அதை எடுத்தேன். எல்லாக் குறையும் ஒரே இடத்தில் பார்க்கக் கிடைக்கும் என்பதால்.

ஸ்ப்ரூவை வெளிச்சத்தில் பிடித்தது

பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் சட்டத்தை ஸ்ப்ரூ என்கிறோம். பையிலிருந்து எடுத்ததும் முதலில் மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவினேன். அச்சிலிருந்து பிளாஸ்டிக் எளிதாகக் கழன்று வரத் தடவும் எண்ணெய்ப் பசை மேலே இருக்கும். அது போகாவிட்டால் பெயின்ட் பிடிக்காது. காய்ந்தபின் மேசை விளக்கின் கீழே, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பிடித்தேன். நேர் வெளிச்சத்தில் ஒரு குழிவும் தெரியாது. சாய்வான வெளிச்சத்தில்தான் பரப்பு உள்ளதைச் சொல்லும்.

பாகங்களின் விளிம்பில் ஆப்பத்தின் ஓரம் போல மெல்லிய தோல் ஒட்டியிருந்தது. இதுதான் ஃப்ளாஷ். அச்சின் இரு பாதிகளும் தேய்ந்து, இடுக்கில் பிளாஸ்டிக் கசிவதால் வருவது. புதியவர்கள் இதைப் பார்த்துத்தான் மிகவும் பயப்படுகிறார்கள். கத்தியின் முனையைச் செங்குத்தாகப் பிடித்து விளிம்பை வழித்தால் போய்விடும். ஃப்ளாஷை வைத்து ஒரு கிட்டைத் தள்ள மாட்டேன்.

அதற்குப் பக்கத்திலேயே கவலைப்பட வேண்டிய ஒன்று இருக்கிறது. அச்சின் இரு பாதிகளும் நேராகச் சேராமல் கொஞ்சம் நகர்ந்திருந்தால், உருண்டையாக இருக்க வேண்டிய பாகங்களில் ஒரு படி விழும். சக்கரக் கால், வாலடிச் சக்கரம், புரொப்பெல்லர் கூம்பு இவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் பருமனுள்ள காலில் கால் மில்லிமீட்டர் படி இருந்தால், அதை வழித்துச் சமன் செய்தபின் மிஞ்சுவது மெலிந்த முட்டை வடிவக் கால்தான். இந்தக் கிட்டில் படி லேசாக இருந்தது, தாங்கிக்கொள்ளலாம் என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்தது குழிவுகள். பிளாஸ்டிக் தடித்திருக்கும் இடத்தில் உட்பகுதி மெதுவாக ஆறும். ஆறும்போது சுருங்கி மேல்தோலை உள்ளே இழுத்துவிடும். உள்பக்கம் குமிழோ விலாவோ எங்கே இருக்கிறதோ, அதற்கு நேர் வெளிப்பக்கத்தில் தேடினால் கிடைக்கும். உடல்பகுதியின் இடப்பக்கம் ஒன்று, இறக்கையடியில் ஒன்று பார்த்தேன். நிரப்பித் தேய்க்கும் வேலைதான். பாகத்தை வெளியே தள்ளும் ஊசிகளின் வட்டத் தழும்பும் இப்படித்தான். அது எங்கே விழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கவலை. இறக்கையின் உள்பக்கம் என்றால் யாரும் பார்க்கப் போவதில்லை. சக்கரக் கதவின் உள்முகத்திலோ விமானி அமரும் காக்பிட்டின் சுவரிலோ இருந்தால், கை நுழையாத இடத்தில் தேய்க்க வேண்டியிருக்கும். இந்த அச்சில் கதவுகளின் உள்முகத்தில்தான் இருந்தன, நல்லவேளையாக ஆழமில்லாமல்.

பேனல் கோடுகள் (விமானத்தின் தகடுகள் சேரும் இடங்களைக் காட்டுபவை) மேலெழும்பியவை. பழைய அச்சுகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அச்சின் எஃகில் கோடு கீறினால் பிளாஸ்டிக்கில் மேடாக வரும், வெட்டுபவருக்கு அது எளிது. பள்ளக் கோடு வர வேண்டுமானால் எஃகில் மேடு விட்டு மற்றதையெல்லாம் குடைய வேண்டும். பள்ளம் என்றாலே உயர்ந்தது, மேடு என்றாலே மட்டம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1/72-இல் 0.3 மில்லிமீட்டர் அகலப் பள்ளம் என்றால் நிஜ விமானத்தில் 21 மில்லிமீட்டருக்கும் மேல். ஒரு விரல் நுழையும் இடுக்கு. அப்படியொரு விமானம் பறக்காது. அகலமான பள்ளத்தைவிட மெல்லிய மேடு உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. மேட்டின் தொல்லை வேறு: இரு பாதிகளின் இணைப்பைத் தேய்க்கும்போது அதுவும் சேர்ந்து அழிந்துபோகும்.

உருவம்

இதில்தான் அதிக நேரம் செலவிட்டேன். உருவப் பிழைக்குப் பெரும்பாலும் மருந்து கிடையாது என்பதால், ஒட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

கணக்கு எளிது. மார்க் 1-இன் இறக்கை வீச்சு 11.23 மீட்டர், 72-ஆல் வகுத்தால் 156 மில்லிமீட்டர். நீளம் 9.12 மீட்டர், கிட்டில் 126.7 மில்லிமீட்டர் வர வேண்டும். பாகங்களை மாஸ்கிங் டேப்பால் சேர்த்து வெர்னியர் காலிப்பரிலும் இரும்பு அடிக்கோலிலும் அளந்தேன். வீச்சு சரியாக வந்தது. நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தது. ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் 72 மில்லிமீட்டர். மொத்த நீளத்தில் பரவியிருந்தால் கண் பொருட்படுத்தாது. மூக்கில் மட்டும் குறைந்திருந்தால் முகமே மாறிவிடும். வரைபடத்தை 1/72-க்குச் சுருக்கி அச்சிட்டு, அச்சிட்ட தாளையும் ஒருமுறை அளந்து உறுதி செய்துகொண்டு, உடல்பகுதியை அதன்மேல் வைத்தேன். குறை வால் பக்கம் இருந்தது. மூக்கு, கேனபியின் (விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடி) இடம், வால் சுக்கானின் வளைவு எல்லாம் சரி.

இறக்கையின் வெளிக்கோட்டில் நேர்க்கோடு எங்காவது ஓடுகிறதா என்று பார்த்தேன். ஸ்பிட்ஃபயரில் முன்விளிம்பும் பின்விளிம்பும் வளைந்துகொண்டே முனைக்குப் போகும். சில மலிவு அச்சுகளில் பின்விளிம்பு பாதி தூரம் நேராகப் போய்விட்டு முனையில் திடீரென்று வளையும். அப்படியிருந்தால் அந்தக் கிட்டை மூடி வைத்துவிடலாம். இதில் வளைவு நன்றாக வந்திருந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் கையால் வெட்டிய அச்சில் அந்த வளைவு இவ்வளவு சுத்தமாக இருந்தது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

அப்புறம் இறக்கையடி. மார்க் 1-இல் இரு பக்கமும் ஒன்றாக இருக்காது. வலது இறக்கைக்குக் கீழே பெரிய செவ்வக ரேடியேட்டர், இடது இறக்கைக்குக் கீழே சின்ன ஆயில் கூலர். இரு பக்கமும் பெரிய ரேடியேட்டர் இருந்தால் அது மார்க் 9 போன்ற பிந்தைய வகை. ஒரே அச்சை வைத்துப் பல வகைகளின் பெயரில் பெட்டி போடுவது மலிவுச் சந்தையில் சாதாரணம் என்பதால் இதைப் பார்க்காமல் விடக்கூடாது. ஒவ்வொரு இறக்கையிலும் நான்காக எட்டு இயந்திரத் துப்பாக்கிகள், மூன்று அலகுப் புரொப்பெல்லர் (தொடக்க விமானங்களில் இரண்டு அலகு) என்பவையும் ஒத்துப்போக வேண்டும்.

நம் ஊரில் மிக்-21 கட்டுபவர்களுக்கும் இதையே சொல்வேன். இந்திய விமானப்படை 1963 முதல் 2025 செப்டம்பர் வரை வைத்திருந்த விமானம் அது. அதில் வந்த வகைகள் ஒன்றுக்கொன்று முதுகிலேயே வேறுபடும். எஃப்எல் வகையின் முதுகு மெலிந்தது, பிஸ் வகையின் முதுகு பருத்து வால்வரை நீளும். பெட்டியில் பிஸ் என்று போட்டு, இந்திய டிகாலும் வைத்து, உள்ளே வேறு வகையின் முதுகோடு வந்த கிட்டைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். அதைப் புட்டியால் மாற்ற நினைத்தால் பாதி விமானத்தைப் புதிதாகச் செதுக்க வேண்டியிருக்கும்.

இந்த ஸ்பிட்ஃபயரில், வாலின் நீளக் குறை தவிர, கண்ட ஒரே உருவப் பிழை அடிப்பக்கத்தில். இறக்கையின் பின்விளிம்பு உடலோடு சேரும் இடத்தில், நிஜ விமானத்தில் ஒரு மென்மையான வளைவு கீழ்நோக்கி இறங்கி உடலுக்குள் கலக்கும். இந்த அச்சில் அது தட்டையாக இருந்தது. பழைய அச்சுகள் பல இதைத் தவறவிட்டிருக்கின்றன. சின்ன இடம்தான், எபாக்ஸி புட்டியால் எழுப்பலாம்.

பசை தொடாமல் பொருத்தியது

உடலின் இரு பாதிகளையும் டேப்பால் சேர்த்து, இறக்கையை அடியில் வைத்து அழுத்தினேன். கீழ் இறக்கை முனைக்கு முனை ஒரே துண்டு, மேல் இறக்கை இரண்டு துண்டு. மேல் துண்டுகளின் வேருக்கும் (உடலோடு சேரும் முனை) உடலுக்கும் நடுவே இரு பக்கமும் ஒரு நகம் நுழையும் இடைவெளி. அதோடு இறக்கை தட்டையாக உட்கார்ந்தது. ஸ்பிட்ஃபயரின் இறக்கை 6 பாகை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். அட்டையில் அடி பத்து சென்டிமீட்டர், உயரம் பத்தரை மில்லிமீட்டர் என்று ஒரு முக்கோணம் வெட்டினால் அந்தச் சாய்வு கிடைத்துவிடும்.

இடைவெளியைப் பார்த்ததும் புட்டியை எடுக்கத் தோன்றும். அதற்கு முன் ஒரு இறக்கை முனையிலிருந்து மறு முனைக்கு, உடலின் மேலே போகும்படி டேப்பை இழுத்துக் கட்டிப் பார்த்தேன். முனைகள் மேலே எழும்பின. எழும்ப எழும்ப மேல் துண்டுகளின் வேர் உடலை நெருங்கியது. இரண்டு குறையும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டன. இந்த ஒரு சோதனையில் இடைவெளி பாதிக்கு மேல் மூடிவிட்டது. மீதிக்கு, உடலுக்குள்ளே இறக்கை வேருக்கு நேராக ஒரு ஸ்ப்ரூத் துண்டைக் குறுக்கே முட்டுக்கொடுத்து உடலைச் சற்று அகட்டினால் போதும் என்று தெரிந்தது.

பொருத்திப் பார்க்காமலே ஒட்டியிருந்தால் இதே கிட்டை மோசமான பொருத்தம் என்று எழுதியிருப்போம். ஒரு கிட்டின் பொருத்தத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் முன் டேப்போடு இப்படி விளையாடிப் பார்ப்பது அவசியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இறக்கையின் பின்விளிம்பு தடிமன் 0.8 மில்லிமீட்டர் இருந்தது. நிஜத்தில் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 58 மில்லிமீட்டர் தடித்த விளிம்பு. துண்டுகளின் உள்முகத்தைத் தட்டையான கண்ணாடிமேல் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்து மெலிதாக்கினேன். கண்ணுக்கு இந்த ஒரு வேலை செய்யும் மாற்றம் மிகப் பெரியது. விலை கூடிய கிட் என்று தோன்ற வைப்பதே மெலிந்த விளிம்புதான்.

கேனபி

மலிவு கிட்டில் நான் அஞ்சுவது கண்ணாடிப் பாகத்தைத்தான். இந்தக் கிட்டில் கேனபி மற்ற ஸ்ப்ரூக்களோடு ஒரே பையில் உரசிக்கொண்டு வந்திருந்தது. கீறல் பெரிய விஷயமில்லை. இரண்டாயிரம் எண் உப்புத்தாளில் தொடங்கிப் பற்பசை வரை தேய்த்தால் தெளிந்துவிடும். தடிமன்தான் பிரச்சினை. விளிம்பில் ஒரு மில்லிமீட்டர். எழுத்துள்ள தாளின்மேல் வைத்துப் பார்த்தால் எழுத்துகள் வளைந்து நெளிந்தன. போதாததற்கு உடலைவிட அகலம் குறைவு, இரு பக்கமும் ஒரு படி. பிளாஸ்டிக்கைச் சேர்த்து நிரப்பலாம் என்றால் கண்ணாடியில் எதை நிரப்புவது? இதைச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் முடியும்.

வெற்றிட முறையில் செய்த மெல்லிய கேனபிகள் தனியாக விற்கின்றன. அஞ்சல் செலவோடு சேர்த்தால் கிட்டின் விலையை எட்டிவிடும். அதனால் குடிநீர் பாட்டில் பிளாஸ்டிக்கில் நானே செய்தேன். கேனபிக்கு எண்ணெய் தடவிக் களிமண்ணில் அழுத்தி, அந்தப் பள்ளத்தில் எபாக்ஸி புட்டியைத் திணித்து, வெளிப்பக்க அளவில் ஒரு கெட்டியான வார்ப்பு எடுத்தேன். வார்ப்பு கையில் வந்ததும் அகலக் குறையைத் திருத்த வழி கிடைத்தது: இரு பக்கமும் மெல்லிய புட்டிப் படலம் சேர்த்து, உடலின் அகலத்துக்குத் தேய்த்து, சட்டங்களின் கோட்டைக் கூர்மையாக்கினேன். வார்ப்பை ஒரு மரத்துண்டில் பொருத்திச் சின்ன பெட் பாட்டிலுக்குள் விட்டு, ஹீட் கன்னால் மெதுவாகச் சுற்றிச் சூடு காட்டினால் பாட்டில் சுருங்கி வார்ப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பாட்டிலின் நேரான, கோடுகளில்லாத பகுதி வார்ப்பின்மேல் வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறியதும் வெட்டி எடுத்தால், எழுத்தை வளைக்காத மெல்லிய கேனபி. அறையின் ஜன்னல்களைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். பாட்டில் கருகும் அளவுக்குச் சூடு போகக் கூடாது.

இதை ஒட்டியது ஃபெவிகாலில். ஃபெவிகுவிக் வகைப் பசையின் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் புகைபோலப் படிந்துவிடும். கிட்டின் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் பிளாஸ்டிக் சிமென்டும் பாட்டில் பிளாஸ்டிக்கைப் பிடிக்காது.

கட்டியது

காக்பிட்டில் இருந்தது ஒரு நாற்காலியும் ஒரு விமானியும் மட்டுமே. கேனபி மூடிய 1/72 மாடலுக்கு நாற்காலி, மாஸ்கிங் டேப்பில் வெட்டிய பெல்ட், பக்கச் சுவரில் ஸ்ப்ரூவைச் சூடாக்கி இழுத்துச் செய்த சில குழாய்கள், இவை போதும். காக்பிட் வெறுமையாக இருப்பதை ஒரு மலிவு கிட்டின் பெரிய குறையாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஹாபி பாஸ் நிறுவனத்தின் எளிய 1/72 வரிசையிலும் காக்பிட் எளிமையானதுதான். இறக்கையும் உடலும் பெரிய துண்டுகளாக வந்து நன்றாகப் பொருந்துவதால் தொடக்கக்காரர்களுக்கு அவை உதவுகின்றன.

உடலின் இணைப்பில் மெல்லிய திரவச் சிமென்டை ஓடவிட்டு அழுத்திப் பிடித்தபோது, உருகிய பிளாஸ்டிக் ஒரு கோடாகப் பிதுங்கி வந்தது. அதைத் தொடாமல் நன்றாகக் காயவிட்டு வழித்தால் இணைப்பே தெரியாது. பிளாஸ்டிக்கின் தரமும் அப்போது தெரிந்துவிடும். சில மலிவு கிட்டுகளின் பிளாஸ்டிக் மெழுகுபோல மென்மையாக இருக்கும், வழித்தால் சுருள் சுருளாக வரும், உப்புத்தாளில் பஞ்சு எழும்பும். சில கண்ணாடிபோல முறியும். இது கொஞ்சம் மென்மையான ரகம், ஆனால் தேய்ப்புக்கு நன்றாகவே கட்டுப்பட்டது.

இறக்கை வேரின் மிச்ச இடைவெளிக்குக் கடைப் புட்டி போடவில்லை. வெட்டி மிஞ்சிய ஸ்ப்ரூவைப் பொடியாக நறுக்கி, தீரும் நிலையிலிருந்த சிமென்ட் குப்பியில் போட்டு வைத்தால் மறுநாள் கெட்டிக் குழம்பாகிவிடும். அதைத் தடவினால் இடைவெளியை நிரப்புவதும் அதே பிளாஸ்டிக்தான். தேய்க்கும்போது ஒரே கடினம், பெயின்டுக்குப் பிறகு விரிசல் விடாது. காய நேரம் பிடிக்கும், அவ்வளவே. குழிவுகளுக்கு ஃபெவிகுவிக்கும் டால்கம் பவுடரும் கலந்து வைத்து, முழுதும் இறுகுவதற்குள் தேய்த்தேன்.

மேலெழும்பிய கோடுகளில் இணைப்பை ஒட்டியவை அழிந்துவிட்டன. பாதி இருந்து பாதி இல்லாமல் விடுவது அசிங்கம். அதனால் எல்லாவற்றையும் தேய்த்துவிட்டு, எஞ்சின் மூடியின் விளிம்பு, இறக்கையின் அசையும் பாகங்கள், வாலின் அசையும் பாகங்கள் ஆகியவற்றின் கோடுகளை மட்டும் ஊசியால் மெல்லிதாகக் கீறினேன். ஊசி வழுக்காமலிருக்கத் தடித்த லேபிள் டேப்பை வழிகாட்டியாக ஒட்டிக்கொண்டேன். ஸ்பிட்ஃபயரின் இறக்கையில் ஆணித் தலைகள் தகட்டோடு சமமாகப் பதிந்திருக்கும். வழுவழுப்பான இறக்கை அந்த விமானத்துக்குப் பொருத்தமாகவே அமைந்தது.

பெயின்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மேலே மண் பழுப்பும் கரும்பச்சையும், அடியில் ஸ்கை எனும் வெளிர்பச்சை. சாம்பல் நிறப் பிரைமர் முதலில் அடித்தது முக்கியம். மிஞ்சிய குழிவுகளை அது காட்டிக்கொடுத்தது.

டிகால்

டிகால் தாள் மஞ்சளித்திருந்தது. வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் தாளைப் பையில் போட்டு ஒட்டி வைத்தால் மஞ்சள் வெளுத்துவிடும், அது நடந்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் வட்டச் சின்னங்களில் சிவப்புப் புள்ளி நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக அச்சாகாத இந்தக் குறைக்கு வழியே இல்லை. கண் அந்த வட்டத்தில்தான் போய் நிற்கும். நல்லவேளையாக வேறு கிட்டில் மிஞ்சிய வட்டங்கள் கையிலிருந்தன. 1940-இன் விமானம் என்றால் இறக்கையின் மேல் வட்டத்தில் சிவப்பும் நீலமும் மட்டும், உடலின் வட்டத்தில் வெளியே மஞ்சள் வளையம்; மாற்று வட்டங்கள் எடுக்கும்போது இதைக் கவனித்தேன்.

எழுத்துகள் மட்டும் கிட்டின் டிகாலே. ஒட்டும் முன் தேவையில்லாத ஒரு சின்ன எண்ணைத் தண்ணீரில் போட்டுச் சோதித்தேன். அது துண்டு துண்டாக உடைந்தது. தாள் முழுவதும் நிறமற்ற கிளியர் லாக்கர் ஒரு படலம் அடித்து, காய்ந்தபின் ஒவ்வொன்றையும் ஓரத்தை ஒட்டி வெட்டி ஒட்டியபோது உடையாமல் வந்தன.

மாடல் முடிந்தபின், முதலில் எழுதி வைத்த குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். ஃப்ளாஷ், குழிவு, இடைவெளி, தடித்த விளிம்பு எல்லாம் பெயின்டுக்கு அடியில் போய்விட்டன. வால் பக்கம் நீளக் குறை அப்படியே நிற்கிறது, பக்கத்தில் வேறொரு ஸ்பிட்ஃபயர் வைத்தால் மட்டும் தெரியும். கேனபியையும் வட்டங்களையும் மாற்றியிராவிட்டால் மாடல் அலமாரிக்குப் போயிருக்காது.

இதே அச்சு இன்னொரு பெட்டியில் வந்ததை ஒரு தம்பி வாங்கியிருந்தான். படத்தை அனுப்பச் சொன்னேன். உடல், இறக்கை, ஃப்ளாஷ் எல்லாம் என்னுடையதன் நகல்தான். ஆனால் அந்தப் பெட்டியில் டிகால் வேறு அச்சகத்தில் அச்சானது; வட்டங்கள் நடுப்பிசகாமல் இருந்தன. கேனபி தனிப் பையில் வந்திருந்தது, கீறலில்லை, தடிமன் மட்டும் அதேதான். "கேனபிக்கு மட்டும் பாட்டில் எடுத்து வை, மத்தது எல்லாம் கையில அடங்கும்" என்று பதில் எழுதினேன். அவன் இப்போது முதுகின் மேல் டேப்பை இழுத்துக் கட்டி, 6 பாகை அட்டையை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வலது பக்கம் சரியாக வந்துவிட்டதாம், இடது பக்கம் இன்னும் கொஞ்சம் எழும்ப வேண்டுமாம்.